வாடகை பாக்கி இருக்கும்போது கணக்குப் பாடம் ஏறுமா?

கே: நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகன், அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து எதைப் படித்தாலும் மறந்துபோகிறது என்கிறான். மூளையில் கோளாறா?

ப: கோளாறெல்லாம் இல்லை. மனக்கணக்குப் போடும்போது முதலில் வந்த விடையைப் பிடித்துக்கொண்டேதான் அடுத்ததற்குப் போகிறோம், அதற்கான செயல் நினைவு ரொம்பச் சின்னத் திண்ணை, அங்கே 'இந்த மாத வாடகைக்கு என்ன செய்வாங்க?' என்ற கவலை ஏறி உட்கார்ந்துவிட்டால் பாடத்துக்கு இடம் ஏது? விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளுக்கு, கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களிலும் பணம் வந்த பிறகும் சிந்தனைத் திறன் சோதனை வைத்தார்கள் (2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது). பணம் வந்தபின் அதே ஆட்கள் தெளிவாக நன்றாகச் செய்தார்கள். அவர்கள் பெரியவர்கள். திட்டமிட உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும், உங்கள் பையனுக்கு அது பாதி வழியில் இருக்கிறது. 'கவனமே இல்லை' என்று திட்டினால் திண்ணையில் இன்னொரு ஆள் ஏறுவார், அவ்வளவுதான்.

கே: கடன் விஷயத்தைப் பிள்ளைகளிடம் மறைப்பதுதானே நல்லது?

ப: மறைத்துவிட்டதாக நீங்கள்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ராத்திரி அடுப்படியில் கிசுகிசுப்பது பக்கத்து அறைக்குக் கேட்கும், கேட்காத மீதியைப் பிள்ளையே பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்ளும். வட்டிக் கணக்கு வேண்டாம். 'ஃபீஸ் கட்டியாச்சு, நகை அடகில் இருக்கு, வீடு மாறப்போவதில்லை', இவ்வளவு போதும், ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். அப்புறம், கடன்காரர் வந்தால் 'அப்பா இல்லைன்னு சொல்லு' என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

கே: பிளஸ் டூ படிக்கிறேன். வீட்டில் தினமும் சண்டை. பரீட்சை நெருங்குகிறது.

ப: சண்டையைத் தீர்ப்பது உன் வேலை இல்லைம்மா. முடிந்தவரை பள்ளியிலோ நூலகத்திலோ படித்துவிட்டு வா, தூக்கத்தைக் குறைக்காதே. பரீட்சைக்குப் போகுமுன் பத்து நிமிஷம் மனசில் இருக்கும் பயத்தையெல்லாம் ஒரு தாளில் கொட்டு, யாரும் படிக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்ததில், பரீட்சை பயம் அதிகமுள்ளவர்களுக்கு இதனால் மதிப்பெண் கூடியது. சண்டை அடிதடியானால் குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடு. மனசு தாங்கவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கே: மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது. உதவித்தொகை ஏதாவது உண்டா?

ப: என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதச் சொல்லுங்கள். தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், கடைசி வாரத்தில் வரிசை தாங்காது.