பில்லி ஜாக் வில்ஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அமெரிக்க நடன இசைக்குழுவான பில்லி ஜாக் வில்ஸ் குழுவின் வானொலிப் பதிவுகளைக் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். கேட்டேன், மனம் ஒட்டவில்லை. எல்லாமே ஆட்டத்துக்கான துள்ளல். ஆடாமல் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது? அவ்வளவு நல்ல குழு என்றால் ஏன் மறந்துபோனார்கள்? மறக்கப்பட்டது என்பதற்காகவே சேகரிப்பாளர்கள் தூக்கிப்பிடிக்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. இன்னொன்று, அதில் வருவது மாண்டலின் என்கிறீர்கள். எனக்கு கிதாராகத்தான் கேட்கிறது. நமக்குத் தெரிந்த மாண்டலின், ஸ்ரீனிவாஸ் வாசித்தது.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டது மாண்டலின்தான், வாசித்தவர் டைனி மூர். வழக்கமான மாண்டலினில் எட்டுத் தந்திகள், நான்கு ஜோடி. மூருக்காக 1952-இல் கலிஃபோர்னியாவின் பால் பிக்ஸ்பி செய்துகொடுத்த மின் மாண்டலினில் ஐந்தே ஒற்றைத் தந்திகள். அந்த ஐந்தாவது தந்தி கீழ்ஸ்தாயியில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவின் ஆழம்வரை இறங்கும். கிதார் என்று உங்கள் காது சொன்னது அதனால்தான். ஸ்ரீனிவாஸ் வாசித்ததும் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலின்தானே! அவருக்குக் கமகம் வேண்டியிருந்தது. ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது பெரும்பாடு. மூருக்கு வேண்டியிருந்தது ஜாஸ் கிதார் கலைஞர்களின் நீண்ட, அறுபடாத ஓட்டம்.

ஆட்டத்துக்கான இசைதான் இது, அதில் சந்தேகமே இல்லை. வெஸ்டர்ன் ஸ்விங் என்ற இந்த இசைவகை 1930-களில் டெக்சஸ், ஓக்லஹோமா நடன அரங்குகளில் வளர்ந்தது. ஃபிடிலும் ஸ்டீல் கிதாரும் வைத்துக்கொண்டு ஜாஸ் வாசித்தார்கள். அதன் பெரிய பெயர் பாப் வில்ஸ். அவருடைய கடைசித் தம்பி பில்லி ஜாக், அண்ணனைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவர், அண்ணன் குழுவிலேயே டிரம்ஸ் வாசித்தவர். பாப் வில்ஸ் 1947-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் ‘வில்ஸ் பாயிண்ட்’ என்ற நடன அரங்கை அமைத்தார். அவர் ஊரைவிட்டுப் போனபின் 1950-களின் தொடக்கத்தில் அங்கே தம்பியின் குழு வாசித்தது. கே.எஃப்.பி.கே. என்ற 50,000 வாட் வானொலி நிலையத்துக்காகவும் வாசித்தார்கள். நீங்கள் கேட்டவை 1952 முதல் 1954 வரையிலான அந்த வானொலிப் பதிவுகள்.

இவர்கள் விற்பனைக்கென்று வெளியிட்ட இசைத்தட்டுகள் மிகச் சொற்பம். அவற்றை மட்டும் கேட்டால் எனக்கும் உங்கள் சந்தேகம்தான் வரும். கம்பெனிக்கு விலைபோகும் பாட்டு வேண்டும், அதில் பாடகர்தான் முன்னால் நிற்பார். வானொலிக்கு நேரத்தை நிரப்பினால் போதும். அதனால் அரங்கில் தினமும் வாசிப்பதையே மைக் முன்னாலும் வாசித்தார்கள். கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்களும் அதில் தாராளமாக வந்தன. சிறிய குழு, ஒவ்வொருவருக்கும் மற்றவரின் அடுத்த சுரம் தெரிந்திருக்கிறது. அந்தப் பழக்கம் இந்தப் பதிவுகளில் அப்படியே கேட்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பாடகர் ஓர் அடியை முடித்து மூச்சு விடும் இடத்தில் பித்தளைக் கருவிகள் கூட்டமாக வந்து வெட்டுவதுபோல ஒரு சொடுக்கு வரும். அது மூரின் மாண்டலினும் வான்ஸ் டெர்ரியின் ஸ்டீல் கிதாரும் சேர்ந்து வாசிப்பது. டெர்ரி இருபதைத் தொடாத வயதில் குழுவில் சேர்ந்தவர். ஒன்று பிளெக்ட்ரம் என்ற சிறு தகட்டால் தட்டி எழுப்பும் ஒலி, மற்றது தந்திமேல் இரும்புத்துண்டு வழுக்கும் ஒலி. இரண்டும் ஒரே நொடியில் புறப்பட்டு, ஒரே அளவு வீங்கி, ஒரே நொடியில் நிற்கின்றன. ஒரு பெரிய குழுவின் டிரம்பெட் வரிசை செய்யவேண்டிய வேலையை இரண்டு பேர் செய்துவிடுகிறார்கள். ஆடுபவர்கள் இதைக் கவனித்திருக்க வாய்ப்பே இல்லை. உட்கார்ந்து கேட்கிற உங்களுக்குத்தான் அது கிடைக்கும். அதே ஆண்டுகளின் அண்ணன் குழுவைவிட இந்தக் குழுவை நான் மேலே வைப்பது இதற்காகத்தான்.

ஏன் மறந்தார்கள்? தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தொலைக்காட்சி வந்து ஜனங்களை வீட்டில் உட்காரவைத்தது. பாப் வில்ஸ் 1954-இல் சாக்ரமெண்டோ திரும்பினார், தம்பியின் குழு அண்ணன் குழுவில் கரைந்தது. 1956-இல் அரங்கமும் தீப்பிடித்து எரிந்தது. ஒரு நடனக்குழுவை ஊர் நினைவில் வைத்திருப்பது அது வாசித்த இடத்தை வைத்துத்தான். அந்த இடமும் போனபின் யார் நினைப்பார்கள்? 1980-களில் ஒரு சிறு நிறுவனம் இந்தப் பதிவுகளை எல்பி இசைத்தட்டாகக் கொண்டுவந்ததால்தான் நாம் இன்று இதைப் பற்றி எழுதிக்கொள்கிறோம். சேகரிப்பாளர்கள் சாதாரணச் சரக்கை மிகைப்படுத்துவது உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இங்கே அவர்கள் செய்தது பெரிய உதவி.

மூர் சாக்ரமெண்டோவிலேயே தங்கிவிட்டார். உள்ளூர்த் தொலைக்காட்சியில் ‘ரேஞ்சர் ராய்’ என்ற பெயரில் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்தினார், இசை சொல்லிக்கொடுத்தார். பாப் வில்ஸுக்கு அஞ்சலியாக கண்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகார்ட் 1970-இல் ஓர் ஆல்பம் வெளியிட்டபோது மூரையும் வாசிக்க அழைத்தார். வானொலிப் பதிவுகளை இன்னொரு முறை கேட்டுவிட்டு அந்த ஆல்பத்துக்குப் போங்கள். இந்த முறை மாண்டலின் எங்கே வருகிறது என்று நான் சொல்லவேண்டியிருக்காது.