பழைய பிக்கப்புக்குப் புது உயிர்: எஞ்சினை மாற்றுவதா, சிலிண்டரைக் கடைந்து போரிங் போடுவதா?

கேள்வி: சார், என்னிடம் 2008 மாடல் டாடா 207 டிஐ இருக்கிறது. மலையிலுள்ள பாச்சலூரிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி இறக்குகிறேன். கொஞ்ச நாளாக நீலப் புகை, ஆயிலும் குடிக்கிறது, மூன்றாவது கியர் தானாக நியூட்ரலுக்கு விழுகிறது. பழைய உதிரி பாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து செகண்ட் ஹேண்ட் எஞ்சினும் கியர் பாக்ஸும் செட்டாக வாங்கி மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். சேஸிஸ், பாடி எல்லாம் நன்றாக இருக்கின்றன. மாற்றலாமா?
- ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: முதலில் அந்த மூன்றாவது கியர். நீங்கள் லோடோடு மலை இறங்குகிறவர். வளைவில் எஞ்சின் பிரேக்கை, அதாவது கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்வதை நம்பி இறங்கும்போது கியர் விழுந்தால் வண்டி மொத்தமும் பிரேக் மேல்தான் நிற்கும், பிரேக்கும் சூடேறியிருக்கும். அதனால் கியர் பாக்ஸைப் பார்க்கும்வரை மலைப் பக்கம் லோடு எடுக்காதீர்கள். வாடகை போனால் போகட்டும்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். உங்கள் வண்டியில் இருப்பது 497 வகை எஞ்சின். 4 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), அதுதான் அந்தப் பெயர். 2956 சிசி. இதன் குடும்பம்தான் 407-லும் சுமோ ஸ்பேசியோவிலும் ஓடியது, அதனால் உதிரி பாகமும் கை தேர்ந்த ஆளும் எந்த ஊரிலும் கிடைக்கும். இப்படிப்பட்ட எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, யார் எப்படி ஓட்டினார்கள் என்றே தெரியாத இன்னொரு பழைய எஞ்சினை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியே டீசல் ஊற்றிக் கழுவி, சில்வர் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள், உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று பெயின்ட் சொல்லாது.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளிருந்து குபுகுபுவென்று புகை காற்றோடு தள்ளிக்கொண்டு வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அதே சூட்டில் ஐடிலில் ஆயில் பிரஷர் ரொம்பக் கீழே போனால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்கும் போயிருக்கலாம். மூடியில் புகையே இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலமாக வருகிறது என்றால் அது வால்வ் கைடு, சீல் சமாசாரமாக இருக்கலாம், ஹெட் வேலையோடு முடிந்துவிடும். கம்ப்ரஷன் டெஸ்ட்டும் போட்டுவிடுங்கள். நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம், ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் தனிக் கோளாறு.

சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க் உடையவில்லை என்றால் உங்கள் எஞ்சினையே பிரித்துச் செய்யுங்கள். போரிங் அல்லது ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புது உறை), புது பிஸ்டன், ரிங், கிராங்கைக் கிரைண்டிங் போட்டு அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங், ஹெட்டை ஃபேஸிங் செய்து வால்வ் சீட் கட்டிங். டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரையும் டீசல் பம்பையும் கேலிபரேஷனுக்கு அனுப்ப மறக்காதீர்கள், ஒழுகுகிற இன்ஜெக்டர் புது போரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிட்டுச் சீக்கிரமே தேய்த்துவிடும். செலவு செகண்ட் ஹேண்ட் எஞ்சினைவிடக் கூடத்தான். ஆனால் கழற்றி மாட்டுகிற கூலி இரண்டுக்கும் உண்டு, வாங்கியது சரியில்லை என்றால் அந்தக் கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு லாபம், எஞ்சின் நம்பர் மாறாது. ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கின்றன. பிளாக் உங்களுடையதே என்றால் இதற்காக ஆர்டிஓ பக்கம் போகவே வேண்டாம். வேறு எஞ்சின் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி முன்னாலேயே அனுமதி வாங்கி, மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டி ஃபைனான்ஸில் இருந்தால் அவர்கள் சம்மதக் கடிதமும் வேண்டும். உங்கள் வண்டி 8 வருடம் தாண்டியதால் ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்கிறது, அங்கே நம்பர் பார்ப்பார்கள். வாங்கிய எஞ்சின் திருட்டு வண்டியுடையது என்றால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கப் போவது நீங்கள், விற்றவர் அல்ல. பிளாக் வெடித்துப்போய் வேறு வழியே இல்லை என்றால் நம்பர் எழுதிய பில், பழைய வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டும் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் கியர் பாக்ஸ். அதன் நம்பர் ஆர்.சி.யில் இல்லை, காகிதத் தொல்லை கிடையாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. மூன்றாவது கியர் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கியரைப் பூட்டும் ஸ்லீவின் தேய்ந்த பல், வளைந்த ஃபோர்க், செத்துப்போன லாக் ஸ்பிரிங், ஆடுகிற பேரிங் இவற்றில் ஒன்றாக இருக்கும். பிரித்தால்தான் தெரியும். பிரிக்கும் முன் ஒன்று கவனியுங்கள்: நியூட்ரலில் நின்றபடி ஊங் என்று ஒரு சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் பக்கம் சந்தேகப்படலாம். வேறு பாக்ஸ்தான் வாங்குகிறீர்கள் என்றால் இன்புட் ஷாஃப்டில் பல் எத்தனை, பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் உறை) போல்ட் ஓட்டை பொருந்துகிறதா, பின்னால் ஜாயிண்ட் ஃபிளாஞ்ச் ஒன்றுதானா என்று பழையதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போட்டோ பார்த்து வாங்க வேண்டாம்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் எல்லாம் புதிது போட்டுவிடுங்கள். அந்தச் சீல் சின்னப் பொருள்தான், ஆனால் பிறகு ஒழுகினால் அதற்காகவே கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். மாட்டும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் பாருங்கள். கியர் பாக்ஸை ஜாக்கியில் தாங்கித்தான் உள்ளே விட வேண்டும். ஷாஃப்ட் பாதி நுழைந்த நிலையில் பாக்ஸைத் தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும், பிறகு மிதித்தாலும் கிளட்ச் விடாது. உள்ளே போகவில்லை என்று போல்ட் போட்டு முறுக்கி இழுத்தால் பெல் ஹவுசிங் காது உடையும்.

கேள்வி: பழைய பொலிரோ பிக்கப்புக்கு காமன் ரெயில் (எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும்) எஞ்சின் மாட்டினால் மைலேஜ் கூடுமா?
- தென்காசி வாசகர்

பதில்: வேண்டாம். எஞ்சினோடு இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), வயரிங், சென்சார், டீசல் லைன் எல்லாம் வர வேண்டும். நடுரோட்டில் நின்றால் ஒயரைப் பிரித்துப் பார்க்க ஆள் கிடைக்க மாட்டார். அனுமதி கிடைப்பதும் கஷ்டம், அனுமதி இல்லாமல் மாற்றினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காரணம் காட்டலாம். மைலேஜுக்கு முதலில் பம்பையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

கேள்வி: போரிங் போட்ட எஞ்சினை எப்போது முழு லோடில் ஓட்டலாம்?
- ஓமலூர் வாசகர்

பதில்: முதல் 1000 கிலோமீட்டர் வரை பாதி லோடு போதும். ஆனால் ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிட்டு ரிங் செட்டாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். மிதமான லோடில், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் போரோடு உட்காரும். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். பழைய ஆயிலை வடிக்கும்போது ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், மினுமினுவென்று தூள் கொஞ்சம் இருக்கும், அது சகஜம். தகடு மாதிரி துண்டு வந்தால் வண்டியை எடுக்காமல் செய்தவரிடமே காட்டுங்கள்.