அப்பா கேட்டது விலையை

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. விக்கிரமசிங்கபுரத்தில் அம்மாவோடு இருக்கிறார். நான் பாளையங்கோட்டையில். போன ஐப்பசியில் காய்ச்சல் முற்றி நிமோனியாவாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் ப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி போடச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் எத்தனையோ வீடியோ அனுப்பிவிட்டேன். எவ்வளவு ஆகும்னு ஒரு தடவை கேட்டார், அப்புறம் வேண்டாம்னுட்டார். ஊசி போட்டால்தான் காய்ச்சல் வரும் என்கிறாள் அம்மா. இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?

பதில்: தம்பி, முதலில் வீடியோ அனுப்புவதை நிறுத்துங்கள். எவ்வளவு ஆகும் என்று கேட்டதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டு, கடைசியில் அவரைப் பிடிவாதக்காரர் ஆக்கிவிட்டீர்களே! ஊசியே வேண்டாம் என்கிறவர் விலை கேட்பாரா? நீங்கள் ஆயிரத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விட்டிருப்பீர்கள், மகனுக்குச் செலவு வைக்க மனசில்லாதவர் வேறு என்ன சொல்வார்? அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசி அட்டவணை பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான், பெரியவர்களுக்கான ப்ளூ ஊசி அதில் இல்லை. காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். வயசான தகப்பனின் வைத்தியச் செலவு பிள்ளையின் பொறுப்பு, அவர் வாய்விட்டு விலை கேட்கிற நிலைக்கு விட்டதே தப்பு.

அம்மாவுக்கு நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி, அதனால் ப்ளூ வராது. கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் இரண்டு நாள் உடம்பு லேசாகச் சுடும், அவ்வளவுதான்.

ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும், ஆகையால் அடைமழை தொடங்கும் முன்னால், புரட்டாசியிலேயே ஒரு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய் நீங்களே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நிமோனியாவுக்கென்று தனித் தடுப்பூசி உண்டு, அதையும் டாக்டரிடம் கேளுங்கள். ப்ளூ ஊசி போட்டால் காய்ச்சலே வராது என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். வயசானவர் உடம்பில் அது கொஞ்சம் மந்தமாகத்தான் வேலை செய்யும், ஆனால் மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்கிற அபாயத்தைக் குறைக்கும். ஊசி அவருக்கு முழுக் காவல் இல்லை என்பதால், வீட்டுக்கு வருகிறவர்களிடமிருந்து கிருமி அவருக்குத் தொற்றாமலும் பார்க்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், லீவுக்குப் பேரப்பிள்ளைகள் அந்த வீட்டுக்குப் போவார்கள் என்றால் அவர்களுக்கும் உங்களுக்கும் சேர்த்தே போட்டுவிடுங்கள். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் இது வருஷா வருஷம் போட வேண்டிய ஊசி. அடுத்த புரட்டாசிக்கும் இப்போதே பணம் எடுத்து வையுங்கள்.