ஒட்டடைக் கம்பை எடுப்பதற்கு முன் ஒரு சாக்பீஸ்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டை ஆனி மாதம் பத்திரம் முடித்தோம். முன்பகுதியான தார்சாவும் பட்டாசலும் (கூடமும்) கட்டி 60 ஆண்டுக்கு மேல் ஆகிறது. தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சுவர், சிவப்புத் தரை. அடுக்களையும் குளியலறையும் 1990களில் பின்னால் சேர்த்தவை, அங்கே மொசைக். கிணறு உண்டு, மாடியில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி உண்டு. புறவாசலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட விறகுக் கொட்டகை. இரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்ததால் எங்கும் ஒட்டடை, எலிப் புழுக்கை. ஆவணியில் பால் காய்ச்ச வேண்டும். என் மாமியாருக்கு ஆஸ்துமா. மகளுக்கு 3 வயது. ஆசிட் வாஷ் உட்பட எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாக ஒரு கம்பெனி சொல்கிறது. கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் பால் காய்ச்சுவதற்கு முந்தைய வாரத்தில் கொடுங்கள். ஆசிட்டை வாசற்படிக்கு வெளியிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவர்களால் செய்ய முடியாத வேலை நிறைய இருக்கிறது. ஆடியில் யாரும் குடிபோவதில்லை என்பதால் ஒரு மாதம் முழுதாக உங்கள் கையில் இருக்கிறது.

முதல் நாள் துடைப்பத்தைத் தொடாதீர்கள். ஒரு சாக்பீஸ், ஒரு டார்ச் லைட், போன் கேமரா, இவை போதும். பூட்டிக் கிடந்த வீட்டின் அழுக்கு சும்மா இருப்பதில்லை. எங்கே ஒழுகுகிறது, எது அரிக்கிறது, எந்த வழியாக எலி வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. துடைத்துச் சுண்ணாம்பும் அடித்துவிட்டால் ஐப்பசி மழை வரும்வரை அது வாயைத் திறக்காது. விற்பவர்கள் வெள்ளையடித்துவிட்டு வீட்டைக் காட்டுவது ஏன் என்று நினைக்கிறீர்கள்? உங்களுக்கு விற்றவர் அதைச் செய்யாமல் விட்டது உங்கள் அதிர்ஷ்டம்.

தளத்தின் அடியில் காப்பிக் கறை போல வளையம் வளையமாக இருந்தால், நேர் மேலே மாடியில் விரிசலோ அடைத்த தண்ணீர்க்குழாயோ இருக்கும். அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சுவரின் அடியில் வெள்ளைப் பொடியாக உப்பு பூத்திருந்தால், தரையிலிருந்து ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். அது பழைய ஈரமா, இன்னும் ஏறுகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரோடு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்தான் இருக்கிறது. இந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய், காய்ந்ததும் திரும்பப் பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததை முறத்தில் வாரி வெளியே கொட்ட வேண்டும்.

கதவு நிலைகளிலும் உத்தரம் சுவரில் நுழையும் இடத்திலும் கரையானின் மண்பாதை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் எல்லாவற்றையும் துடைத்து அழிக்காதீர்கள். ஓரிடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு உடைத்துவிட்டு நாலு நாள் கழித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மருந்து அடிப்பவர் முதலில் வரட்டும், சுத்தம் பிறகு. பாளையங்கோட்டை மேட்டுப் பகுதி என்பதால் அடுத்துச் சொல்வது உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம், ஆனால் திருநெல்வேலியில் சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் வீடு வாங்கியவர்கள் 2023 டிசம்பர் வெள்ளத்தின் நீர்க்கோடு சுவரில் தெரிகிறதா என்றும் தேட வேண்டும். கோட்டுக்குக் கீழே இருக்கும் சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து பார்க்காமல் மெயினைப் போடக் கூடாது.

இந்த இடங்களை எலெக்ட்ரீஷியனுக்கும் கொத்தனாருக்கும் காட்டி, உடைக்க வேண்டியதை உடைத்துப் பூச வேண்டியதைப் பூசிய பிறகுதான் சுத்தம் தொடங்குகிறது. கழுவிய வீட்டில் கொத்தனாரை விட்டால் இன்னொரு முறை கழுவ வேண்டியிருக்கும்.

இனி தூசி. ஆடிக் காற்று நம் ஊரில் மேற்கே செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து அடிக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இங்கே காய்ந்துபோய் வருகிற காற்று. ஈரச் சுவரைக் காய வைக்க இதைவிட நல்ல மாதம் இல்லை. ஒட்டடை அடிக்கும்போது அதையே வேலைக்காரனாக வைத்துக்கொள்ளலாம்: மேற்குச் சன்னலைக் கொஞ்சமாகவும் கிழக்குக் கதவை அகலமாகவும் திறந்துவையுங்கள், மேற்கு அறையில் தொடங்கிக் கிழக்கே நகருங்கள். காற்று ஊளையிடும் மத்தியானத்தில் இந்த வேலை வேண்டாம். தெருப்புழுதி அத்தனையும் உள்ளே வரும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். உத்தரம், பரண், சுவர், தரை என்று மேலிருந்து கீழே வாருங்கள். மூக்கை மூடும் துண்டு போதாது; என்95 முகக்கவசம் வேண்டும். உங்கள் அத்தையும் குழந்தையும் இந்த வேலைகள் முடியும்வரை வீட்டு வாசலுக்கே வர வேண்டாம்.

எலிப் புழுக்கையை மட்டும் ஒருபோதும் காய்ந்தபடி பெருக்காதீர்கள். காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூளாகி மூச்சில் போகும். எலிக் காய்ச்சலுக்கான கிருமி எலியின் மூத்திரத்தில்தான் இருக்கிறது. ஈரத்தில் வெறுங்கையாலும் வெறுங்காலோடும் அளைந்தாலும் ஆபத்து. கையுறையும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய தாளால் வழித்தெடுத்துக் கட்டிப் போடுங்கள். பிறகு ஓட்டைகள். ஒரு விரல் நுழையும் சந்து சுண்டெலிக்கு ராஜவீதி. கண்ணாடித் தூள் கலந்த சிமெண்டால் அடையுங்கள். அடுக்களை அங்கணக்குழியின் (கழுவிய தண்ணீர் வெளியேறும் குழி) வாய்க்கு இரும்பு வலை கட்டாயம். பழைய வீடுகளில் எலி வருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

கதவு, சன்னல் கம்பிகளில் அடுக்கடுக்காக எனாமல் பெயிண்ட் இருக்கும். கம்பெனி ஆட்களோ பெயிண்டரோ அதைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்க வந்தால் தடுத்துவிடுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தத் தூள் தரையில் படிந்து, தவழ்ந்து விளையாடும் பிள்ளையின் கைவழியாக வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நீரில் தேய்க்கும் தாளால் நனைத்துத் தேய்த்து, ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுக்க வேண்டும். உரியாத பெயிண்டைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து மேலே புதுப் பூச்சு கொடுத்தால் போதும். விறகுக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் இதே பத்தியம்: தேய்க்கவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம், சருகை நனைத்து வழித்தால் போதும்.

ஆசிட்டுக்கு வருகிறேன். சிவப்புத் தரை என்பது சிமெண்டும் இரும்பு ஆக்சைடு நிறமும் கலந்து தேய்த்து மெருகேற்றியது. மொசைக் என்பது சிமெண்டில் பதித்த பளிங்குச் சில்லு. சிமெண்டு, பளிங்கு, சுண்ணாம்பு மூன்றையுமே அமிலம் தின்னும். நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைப்போம்; பொங்கிப் போவது தரைதான். என் வீட்டுப் பட்டாசலில் வேலைக்கு வந்த ஆட்கள், நான் டீ வாங்கப் போன பத்து நிமிடத்தில் ஆசிட்டை ஊற்றிவிட்டார்கள். கோலம் போட்டதுபோல் வெளுத்த அந்தத் திட்டுகளின் மேல் இன்றும் பாய் விரித்துத்தான் வைத்திருக்கிறேன். எலுமிச்சையும் வினிகரும்கூட மொசைக்கின் மெருகைக் கெடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, தேங்காய் நார், இரண்டு முறை நல்ல தண்ணீர், அவ்வளவே. பழைய ஆட்கள் சிவப்புத் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். பளபளப்பு வரும், தூசியும் ஒட்டும், வயதானவர் வழுக்கியும் விழுவார். மெழுகு பாலிஷை மெல்லியதாகப் போட்டுத் துணியால் நன்றாகத் தேய்த்துவிடுவது மேல்.

ஆசிட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, இதற்குச் சமரசமே கிடையாது. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிரையே எடுக்கலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மிகக் கொஞ்சமே போதும். கழிப்பறைக்கென்று கடையில் விற்கும் நீலத் திரவங்களில் பலவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்பதை நினைவில் வையுங்கள். அதைப் பீங்கானுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள், பிளீச்சிங் பவுடர் தொட்ட நாளில் வேண்டவே வேண்டாம். பினாயில் வாசனை பற்றியும் ஒரு வார்த்தை: மூக்குக்குச் சுத்தமாகத் தோன்றுவதெல்லாம் சுத்தமல்ல, உங்கள் அத்தைக்கு அந்த வாசனையே இழுப்பை வரவழைக்கும்.

அடுக்களைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்குக்கு வாஷிங் சோடாதான் மருந்து. சமையல் சோடாவும் இதுவும் வேறு வேறு. ஒரு வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி போட்டு, கையுறையோடு துடைக்க வேண்டும். அலுமினியத்தை இது கறுக்க வைக்கும் என்பதால் எக்ஸாஸ்ட் மின்விசிறியின் இறக்கையை வெறும் சோப்பால் துடைக்கவும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, தரையில் வெள்ளைப் படலம் நிற்கும். வாளிக்கு ஒரு சிட்டிகை வாஷிங் சோடா அதைச் சரிசெய்யும். கடைசித் துடைப்புக்கு மட்டும் குழாயில் வரும் தாமிரவருணித் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் காய்ந்ததும் தெரியும்.

கிணறு இரண்டு ஆண்டு தூங்கியிருக்கிறது. மோட்டார் வைத்து முழுவதும் இறைத்துவிட்டு ஊறவிடுங்கள். தூர் எடுக்க ஆளை உள்ளே இறக்குவதாக இருந்தால் அனுபவமுள்ள குழுவைத் தவிர யாரையும் அனுமதிக்காதீர்கள். மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் காற்று கெட்டிருக்கும், ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுவார். ஊறியபின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடர். விட்டம் ஒன்றரை மீட்டர், தண்ணீர் மூன்று மீட்டர் என்றால் சுமார் 5,300 லிட்டர். 13 கிராம் போதும். அப்படியே கொட்டக் கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும், தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது தொடக் கூடாது. இரவில் போட்டுவிட்டுப் படுப்பது வசதி. குடிக்கும் எண்ணம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பாருங்கள்.

மாடித் தொட்டியைக் கடைசி வாரத்தில் செய்யுங்கள். சேற்றை வழித்துத் தேய்த்துக் கழுவியபின் நிரப்பி, 150 முதல் 200 கிராம் பவுடரின் தெளிந்த கரைசலை ஊற்றி, வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயையும் மருந்து வாசனை வரும்வரை திறந்து மூடுங்கள். தொட்டியை மட்டும் கழுவுபவர்கள் குழாய்களுக்குள் இருக்கும் பாசியை மறந்துவிடுகிறார்கள். 12 மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, வாசனை போகும்வரை புதுத் தண்ணீர் ஓட விடுங்கள். அந்தத் தண்ணீரை முருங்கைக்கோ வாழைக்கோ விட்டுவிடாதீர்கள்.

செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தது என்று விற்றவரிடமே கேட்டுவிடுங்கள். சில மாதம் கழித்துக் கேட்டால் போனை எடுக்க மாட்டார். எடுக்க வேண்டியிருந்தால் உறிஞ்சும் லாரிதான். எந்த மனிதரையும் உள்ளே இறக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

பட்டாசல் சுவருக்குச் சுண்ணாம்பே அடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் அந்தச் சுவரின் மூச்சை அடைத்துவிடும். ஈரம் வெளியேற வழியின்றித் தோல் தோலாக உரியும். சுண்ணாம்பில் பூஞ்சையும் எளிதில் வளராது. அடிப்பவர் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். பெயிண்ட், பாலிஷ் வேலையெல்லாம் குழந்தை வருவதற்குப் பத்து நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் ஆனபிறகு கம்பெனியைக் கூப்பிடுங்கள். சன்னல் கண்ணாடி, குளியலறை டைல்ஸ், மின்விசிறி, மெஷினால் தூசி உறிஞ்சுவது, இவற்றில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு நாள் தாராளமாகப் போதும், கூலியும் குறையும். எந்தத் தரைக்கு எந்த மருந்து என்று தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, வேலை முடியும்வரை யாராவது ஒருவர் கூடவே இருங்கள். டீயை முன்கூட்டியே பிளாஸ்கில் வாங்கி வைத்துவிடலாம்.

வாசல் பூட்டை அவர்கள் கிளம்பிய அன்று சாயங்காலம் மாற்றுங்கள். முன்பே மாற்றினால் கொத்தனார், பெயிண்டர், கரையான் மருந்துக்காரர் என்று புதுச் சாவியும் நாலு கை மாறியிருக்கும்.