அப்பா மட்டும்தான் இருக்கிறாரா?

கேள்வி: கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். மருந்தடிக்காத வெந்தயக் கீரை தரலாம் என்று பால்கனியில் தொட்டிகள் வைத்தேன். விதை நன்றாக முளைக்கிறது. இரண்டு அங்குலம் வளர்ந்ததும் அடித்தண்டு மெலிந்து கொத்துக் கொத்தாகச் சாய்ந்துவிடுகிறது. பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை, அப்பா மட்டும்தான். அதனால் காலையும் மாலையும் பத்து நிமிடம் சொட்டுநீர் போகும்படி டைமர் வைத்திருக்கிறேன். அப்பா உடுமலைப் பக்கம் விவசாயம் பார்த்தவர். அம்மா போன பிறகு இங்கே அழைத்து வந்தேன். மழை நாளில் ஒருமுறை டைமரை அணைத்துவிட்டார். இனிமேல் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மண் சேர்க்காமல் தென்னைநார்த் தூளில்தான் விதைக்கிறேன், வாராவாரம் யூரியாக் கரைசலும் ஊற்றுகிறேன். கோளாறு விதையிலா, உரத்திலா? என்ன மருந்து தெளிக்கலாம்?

பதில்: தம்பி, எந்த மருந்தும் தெளிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். ‘பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை, அப்பா மட்டும்தான்.’ அப்படியென்றால் வீட்டில் ஆள் இருக்கிறார். காலை முதல் இருட்டும்வரை இருக்கிறார். அவரை ஆள் கணக்கில் சேர்க்காமல் விட்டு, அவர் செய்ய வேண்டிய வேலைக்குக் கடையில் ஒரு கருவி வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். உங்கள் கீரை அங்கேதான் செத்துக்கொண்டிருக்கிறது.

வந்திருப்பது நாற்றழுகல். எப்போதும் ஈரமாகவே கிடக்கும் மண்ணில் பூஞ்சை பெருகி, இளந்தண்டை மண்மட்டத்தில் அழுகச் செய்யும். தண்டு நூல்போல் மெலிந்து நாற்று படுத்துவிடும். நெருக்கி விதைத்தால் ஒரு நாற்றிலிருந்து அடுத்ததற்குப் பரவி, ஓரிரு நாளில் தொட்டியின் பாதி போய்விடும். தென்னைநார்த் தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்தது மாதிரி இருக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தால் உள்ளே சேறாக இருக்கும். நேற்று மழை பெய்ததும் தெரியாது, இன்று வெயில் வரவில்லை என்பதும் தெரியாது உங்கள் டைமருக்கு. ஐப்பசி அடைமழையிலும் அது பத்து நிமிடம் ஊற்றிவிட்டுத்தான் நிற்கும்.

இந்த நோய்க்குச் சரியான வைத்தியம் ஒருமுறை உங்கள் வீட்டில் நடந்தது. மழை பெய்த அன்று அப்பா எழுந்து போய் டைமரை அணைத்தார். ஏன் அணைத்தீர்கள் என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. தொடாதே என்று சொன்னது மட்டும் இருக்கிறது. உடுமலைப் பக்கத்துக்காரர் என்கிறீர்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். அந்தச் சீமையில் வெள்ளாமை செய்தவருக்குத் தண்ணீரின் அருமையும் தெரியும், அளவும் தெரியும். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். மண்ணைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது. வெந்தயத்துக்கு வேண்டியது அதுதான். அதை அறிந்தவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் மருந்து கேட்கிறீர்கள்.

இதே கடிதம் எனக்கு வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கிறது. ஊரிலிருந்து அழைத்து வந்த அம்மா எதிலும் ஒட்டுவதில்லை, அப்பா பேசுவதே இல்லை, தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். பெற்றவரைத் தனியாக விடாமல் அழைத்து வந்தீர்கள். அது உங்கள் கடமை, செய்தீர்கள். சோறும் மாத்திரையும் கட்டிலும் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வயதானவருக்கு வீட்டில் ஒரு பொறுப்பு வேண்டும். அந்தப் பொறுப்பில் அவர் சொல்தான் கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். ஆயுள் முழுக்க மண்ணைக் கட்டி ஆண்டவருக்கு உங்கள் பால்கனியில் நான்கு தொட்டிமேல்கூட அதிகாரம் இல்லையா?

அவராகவே மறுபடி வந்து கை வைப்பார் என்று காத்திருக்காதீர்கள். ஒருமுறை கையைத் தட்டிவிட்டால், அப்படிப்பட்டவர்கள் இன்னொரு முறை நீட்ட மாட்டார்கள். நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். ‘பொழுது போகும்’ என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அது அவரைச் சின்னப் பிள்ளையாக்கும் பேச்சு. ‘எனக்கு வரவில்லை அப்பா, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். சொல்லும் முன் அந்த டைமரைக் கழற்றிவிடுங்கள். தரையில் கிடக்கும் குழாயையும் எடுத்துவிடுங்கள். கால் தடுக்கினால் வேறு வினை.

உங்கள் பங்கு சுமை தூக்குவது. செம்மண், தென்னைநார்த் தூள், மண்புழு உரம் மூன்றையும் மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து சேருங்கள். மூன்றும் சம பங்காக இருந்தால் போதும். மணல் கேட்டால் மணலும் வாங்கி வாருங்கள். பழைய தூளை மறுபடி பயன்படுத்த வேண்டாம், நோய் அதில் தங்கியிருக்கும். தொட்டிகளையும் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஆழமான தொட்டி தேவையில்லை, ஆறு அங்குலம் முதல் எட்டு அங்குலம் போதும். அகலமாக இருக்கட்டும், அடியில் தாராளமாக ஓட்டைகள் இருக்கட்டும். யூரியாவை நிறுத்துங்கள். வெந்தயம் அவரை, கொள்ளு வகையைச் சேர்ந்த செடி. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாவால் காற்றிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். யூரியா தண்டைக் கொழகொழப்பாக்கி நோய்க்கு வழிவிடும்.

விதைக்கு எங்கும் அலைய வேண்டாம். அஞ்சறைப்பெட்டி வெந்தயமே முளைக்கும், வறுக்காததாக, மிகப் பழையதாக இல்லாமல் இருந்தால் சரி. கசூரி மேத்தி விதை என்று விற்பதை வாங்காதீர்கள். அது வேறு இனம், ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வளரும், நல்ல குளிரும் கேட்கும். வெந்தயத்தை இரவு ஊறவைத்து, காலையில் வடித்துத் துணியில் பரப்பி, பிசுபிசுப்பு உலர்ந்ததும் தூவி, கால் அங்குலம் மண் மூடினால் போதும். எவ்வளவு நெருக்கமாகத் தூவுவது என்பதை அப்பா முடிவு செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், குறுக்கே பேசாமல். தவறிப்போனாலும் வாயைத் திறக்காதீர்கள். போவது ஒரு கைப்பிடி வெந்தயம்.

கார்த்திகை முதல் மாசிவரை கோவைக் குளிரில் நன்றாக வரும். வெயில் நான்கைந்து மணி நேரமாவது விழும் பக்கம் வையுங்கள். இருபத்தைந்து, முப்பது நாளில் பறிக்கலாம். ஒரே நாளில் எல்லாத் தொட்டியிலும் விதைக்காமல் பத்து நாள் இடைவெளி விட்டால் கீரை தொடர்ந்து கிடைக்கும். சித்திரை வெயிலில் சீக்கிரம் பூத்துக் கசப்பேறிவிடும், அப்போது வேறு கீரைக்கு மாறட்டும்.

சர்க்கரை நோய் என்பதால் இரண்டு விஷயம். கீரை சாப்பிடுகிறார் என்று மாத்திரையைக் குறைக்காதீர்கள், மருத்துவர் சொன்னால் தவிர. வெறும் வயிற்றில் தொட்டி வேலைக்கு இறங்க விடாதீர்கள்; ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்கவும் கூடாது, காலில் படும் சிறு கீறல்கூட அவருக்கு ஆறாத புண்ணாகலாம். இதையெல்லாம் சாக்காக வைத்து ‘நீங்கள் சும்மா இருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பறித்த கீரையைப் பருப்புப் போட்டுக் கடைவதா, பொரிப்பதா என்று அவரைக் கேட்டுச் சமையுங்கள். அடுத்த கடிதம் எழுதுவதாக இருந்தால், மழையன்று டைமரை ஏன் அணைத்தார் என்று அப்பா சொன்ன பதிலையும் அதில் எழுதுங்கள். அது இல்லாத கடிதத்துக்கு நான் பதில் எழுத மாட்டேன்.