கச்சேரி முடிந்ததும் அவர்களைச் சந்திக்க முடியுமா?

வாசகர் கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக ஒரே ராக் பேண்டைக் கேட்டு வருகிறேன். அடுத்த மாதம் முதன்முறையாக நேரில் பார்க்கப் போகிறேன். எழுநூறு பேர் நின்று பார்க்கும் சிறிய அரங்கு. முடிந்த பிறகு அவர்களைச் சந்தித்து, அவர்களுடைய முதல் எல்பி இசைத்தட்டின் உறையில் கையெழுத்து வாங்க ஆசை. எங்கே, எப்போது நிற்க வேண்டும்? பிடித்தவர்கள் எதிரே வந்தால் எனக்கு வாயே வராது. என்ன பேசுவது?

பதில்: எழுநூறு பேர் என்று படித்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஸ்டேடியம் என்று எழுதியிருந்தால், காசு கட்டிப் போகும் ‘மீட் அண்ட் கிரீட்’ தவிர வேறு வழி இல்லை என்று முடித்திருப்பேன். அதுவும் பெரும்பாலும் கச்சேரிக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். வரிசையில் நிற்பீர்கள், கை குலுக்குவீர்கள், ஒரு படம் எடுப்பார்கள், அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். சிறிய அரங்கின் கதை வேறு. பல ஆண்டுகள் இப்படிப்பட்ட இடங்களில், மேடை ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸர் கருவி முன்னால் நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் ஆசை நடக்கக்கூடியதுதான்.

முதலில், அன்றைய இரவு அவர்களுக்கு எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மதியமே சாமான்கள் இறங்கும், பிறகு சவுண்ட் செக், அதாவது ஒலியைச் சரிபார்க்கும் ஒத்திகை. கதவு திறந்ததும் முதலில் வேறொரு தொடக்கக் குழு வாசிக்கும். அரைமணி நேரம் மேடையை மாற்றி அமைப்பார்கள். அதன் பிறகு உங்கள் ஆட்கள் ஒன்றரை மணி நேரம் உழைப்பார்கள். இறங்கி வரும்போது சட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருக்கும். குறைந்தது இருபது நிமிடமாவது அவர்களுக்குத் தனியாக வேண்டும்: உடை மாற்ற, தண்ணீர் குடிக்க, அன்று எந்தப் பாட்டில் எங்கே பிசகியது என்று தங்களுக்குள் பேசித் தீர்க்க. அந்த இருபது நிமிடத்துக்குள் கதவைத் தட்டுகிறவர் மேல் எவருக்கும் அன்பு வராது.

அதன் பிறகு அவர்கள் எங்கே வருவார்கள்? டி-ஷர்ட், எல்பி விற்கும் மெர்ச் மேசைக்கு. சிறிய பேண்டுகளுக்குச் சுற்றுப்பயண வருமானத்தில் பெரும் பங்கு அந்த மேசையிலிருந்துதான் வருகிறது. தாங்களே வந்து நின்றால் விற்பனை கூடும் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் சொல்லும் எல்லாவற்றிலும் உங்களுக்கு அதிகம் உதவப்போவது இதுதான்: கச்சேரி தொடங்கும் முன்பே அந்த மேசைக்குப் போங்கள். அங்கே நிற்பவர் அநேகமாகக் குழுவோடு ஊர் ஊராகப் பயணம் செய்பவர். “இன்னைக்கு அவங்க வெளிய வருவாங்களா?” என்று கேளுங்கள். உண்மையைச் சொல்வார். கூட்டம் முடிந்த பிறகு அதே கேள்வியை நாற்பது பேர் அவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முன்பே கேட்ட முகம் அவருக்கு நினைவிருக்கும்.

“வர மாட்டாங்க, உடனே கிளம்பணும்” என்றால் நம்புங்கள். அடுத்த ஊர் தொலைவில் இருக்கும், பேருந்து குறித்த நேரத்தில் நகர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பேருந்து ஓட்டுநர் பொதுவாக ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது சட்டம். பாடகர் நினைத்தாலும் அரைமணி தள்ளிப்போட முடியாத இரவுகள் உண்டு. அப்படிப்பட்ட இரவில் பின்வாசலுக்கும் பேருந்துக்கும் நடுவே இரண்டு நிமிடம் கிடைக்கலாம். சாமான் பெட்டிகள் உருளும் பாதையை விட்டு ஒதுங்கி, கண்ணில் படும்படி நில்லுங்கள். அவர்கள் உங்களைப் பார்த்து நடை தளர்ந்தால் பேசுங்கள். தலையசைத்துவிட்டு ஏறினால் அத்தோடு விட்டுவிடுங்கள். பேருந்தைப் பின்தொடர்வது, தங்கும் விடுதியைக் கண்டுபிடித்துப் போவது இரண்டும் வேண்டவே வேண்டாம். பேண்ட் உறுப்பினரின் பெயரில் யாராவது சமூக வலைத்தளத்தில் செய்தி அனுப்பி, பணம் கட்டினால் தனியாகச் சந்திக்கலாம் என்றால் அது மோசடி.

இனி, நிறையப் பேர் செய்யும் ஒரு தவறு. கடைசிப் பாட்டுக்கு முன்பே நழுவிப் போய் வாசலில் இடம் பிடிப்பது. மிக்ஸர் முன் நின்றபடி இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்காது. பதினைந்து ஆண்டு காத்திருந்து கேட்க வந்தது அந்த இசையைத்தானே? அவர்கள் எப்படியும் இருபது நிமிடம் கழித்துத்தான் வருவார்கள். மேடை இருண்டாலும் நகராதீர்கள். என்கோர் இருக்கும், அதாவது கைதட்டலுக்குத் திரும்பி வந்து வாசிக்கும் கூடுதல் பாட்டு. அரங்கின் விளக்குகள் எல்லாம் எரிந்து, ஸ்பீக்கரில் ரெக்கார்ட் பாட்டு ஓடத் தொடங்கினால்தான் உண்மையில் முடிந்தது என்று பொருள்.

என்ன பேசுவது என்ற உங்கள் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. “நான் உங்கள் தீவிர ரசிகன்” என்றால் எதிரே இருப்பவர் “நன்றி” என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அன்று இரவு உங்கள் காதில் விழுந்த ஒன்றைச் சொல்லுங்கள். “மூன்றாவது பாட்டுல டிரம்ஸ் நின்னு பேஸ் கிட்டார் மட்டும் தனியா போச்சே, ரெக்கார்டுல அப்படி இல்லையே?” இப்படி ஒரு கேள்வி கேட்டால், களைத்துப்போன முகத்திலும் வெளிச்சம் வரும். தாங்கள் யோசித்துச் செய்ததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது மேடையில் நிற்பவருக்குக் கைதட்டலைவிடப் பெரியது. அன்றைய கச்சேரியை முழுதாகக் கேட்டால், ஏதாவது ஒன்று உங்களுக்குக் கிடைக்காமல் போகாது. அப்படியும் வாய் வரவில்லையா? உறையை நீட்டி உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது பழக்கம், மீதிப் பேச்சை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பாடகர் பேசாமல் புன்னகைத்தால் தலைக்கனம் என்று எண்ண வேண்டாம். ஒன்றரை மணி நேரம் உரக்கப் பாடியதில் குரல்நாண்கள் வீங்கியிருக்கும். இரைச்சலான கூடத்தில் அதே குரலை உயர்த்திப் பேசினால் மறுநாள் கச்சேரிக்குத் தொண்டை இருக்காது. அதனால் பலர் மௌனமாக இருப்பார்கள். நின்று நிதானமாகப் பேசக்கூடியவர்கள் பெரும்பாலும் டிரம்மரும் பேஸ் வாசிப்பவரும்தான். அவர்களைச் சுற்றிக் கூட்டமும் குறைவு.

நன்றாகக் கேட்க எங்கே நிற்பது என்றால், மிக்ஸருக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால். ஒலிப்பொறியாளர் தன் காதுக்குச் சரியாகப் படும்படிதான் எல்லாவற்றையும் அமைக்கிறார், அந்தக் காது இருக்கும் இடம் அது. மேடையை ஒட்டி நின்றால் டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் நேரடியாக முகத்தில் அறையும். பாடகர் குரலோ பெரிய ஸ்பீக்கர் வழியாக உங்கள் தலைக்கு மேலே போய்விடும். முகம் பார்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் இரண்டு பாட்டுக்கு ஓரமாக முன்னே போய்வாருங்கள். கூட்டம் நெருக்கினால் கைகளை மடக்கி மார்புக்கு முன் வைத்துக்கொண்டு, எதிர்த்துத் தள்ளாமல் கோணலாக ஓரத்துக்கு நகருங்கள். 2000-ல் டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் பேர்ல் ஜாம் என்ற ராக் பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தபோது நெரிசலில் 9 பேர் இறந்தார்கள். நெரிசலில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மார்பு அழுந்தி மூச்சு விட முடியாமல் போவதுதான்.

காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபெல் ஒலியை 8 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நையோஷின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். ராக் கச்சேரி அதைச் சாதாரணமாகத் தாண்டும். நுரைப்பஞ்சு அடைப்பான் உச்ச ஒலிகளை அதிகம் விழுங்கி எல்லாவற்றையும் மந்தமாக்கிவிடும். இசைக் கலைஞர்களுக்கென்றே செய்யப்படும், எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் வகையை வாங்குங்கள். காது இரையாமல் இருந்தால்தான் பிறகு அவர்கள் சொல்வதும் உங்களுக்குக் கேட்கும்.

கையெழுத்துக்கு: எல்பி தட்டை வீட்டில் வைத்துவிட்டு உறையை மட்டும் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் மேலுறையை முன்பே கழற்றிவிடுங்கள். உறை கருமையாக இருந்தால் வெள்ளி நிறப் பெயின்ட் மார்க்கர் நல்லது. அதைக் குலுக்கி, முனையில் மை இறங்கும்வரை வீட்டிலேயே எழுதிப் பார்த்துவிட வேண்டும். பளபளப்பான உறையில் மை காயச் சில நிமிடம் ஆகும், அதுவரை எதுவும் மேலே படக்கூடாது. ஒரே ஒரு பொருளை நீட்டுங்கள். ஐந்தாறு நீட்டினால் விற்கிறவர் என்று நினைப்பார்கள். கையெழுத்தே போடாதவர்களும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 2008-ல் ரசிகர்களுக்கு இனிக் கையெழுத்திடப் போவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். மறுத்தால் ஏன் என்று கேட்காதீர்கள். தோளில் கை போட்டுப் படம் எடுக்கும் முன்பும் அனுமதி கேளுங்கள்.

யாருமே வராத இரவாகிவிட்டால், மேடையைக் கலைத்துக்கொண்டிருக்கும் பணியாளரைப் பாருங்கள். வாசிக்கும் பாட்டுகளின் வரிசை எழுதிய தாள் ஒவ்வொருவர் காலடியிலும் ஒட்டியிருக்கும். அவர் கையில் பாரம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டால், எட்டி எடுத்துத் தருவார். டேப்போடு சேர்ந்தே வரும். அதைப் பிய்க்க வேண்டாம், தாள் கிழிந்துவிடும்.