பக்கவாத்தியம்னு யாரு சொன்னது?

கேள்வி: ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக் ரெண்டு பியானோவுக்கும் தாளவாத்தியங்களுக்கும் எழுதுன சொனாட்டாவ (சில வாத்தியங்களுக்கு மட்டும் எழுதுற, பல பகுதி உள்ள இசை) அவரே பின்னாடி ஆர்கெஸ்ட்ரா சேத்து கான்செர்ட்டோவா (தனி வாத்தியங்களோட ஆர்கெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கிற வடிவம்) ஆக்கிட்டாரே, அப்ப முதல்ல எழுதுனது அரைகுறைன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரிதானே? பக்கவாத்தியத்த வச்சிக்கிட்டு அரைமணி நேரம் எப்படி ஓட்ட முடியும்?

பதில்: இல்லங்க, அப்படி அர்த்தம் வரவே வராது. பக்கவாத்தியம்ங்கிற வார்த்தையிலதான் நீங்க தடுக்கி விழுந்திருக்கீங்க. பியானோவையும் தாளத்தையும் சேத்து ஒண்ணு எழுதணும்னு அவருக்குப் பல வருஷமா நெனப்பு, ஆனா தாளக்கருவிங்களோட அந்தக் கூரான சத்தத்துக்கு ஒத்த பியானோ ஈடுகொடுக்காதுன்னு தோணித்தான் ரெண்டாவது பியானோவையே கொண்டு வந்தாரு, அதாவது ட்ரம்முக்காக பியானோவ கூட்டுனவர்கிட்டப் போய் பக்கவாத்தியம்னு சொல்றீங்க.

1937 கோடையில எழுதுனது. 1938 ஜனவரி 16, சுவிட்சர்லாந்து பாஸல்ல அவரும் மனைவி டிட்டாவும் பியானோல உக்காந்து அரங்கேத்துனாங்க. அந்த ஸ்கோர, அதாவது இசைக்குறிப்புப் புத்தகத்த, ஒரு தடவ கையில எடுத்துப் பாருங்க. ஸ்னேர் ட்ரம்ங்கிற சின்ன ட்ரம்ல தோலோட நடுவுல அடிக்கணுமா ஓரத்துல அடிக்கணுமான்னு குறிச்சிருக்காரு, ஒரு எடத்துல சிம்பலோட (வட்டமான உலோகத் தட்டு) விளிம்ப நகத்தாலயோ பேனாக்கத்தியோட அலகாலயோ தட்டச் சொல்றாரு, டிம்பனிய (சுருதி சேக்கக்கூடிய பெரிய அண்டா மாதிரி ட்ரம்) அடிச்ச கையோட பெடல அழுத்தி சுருதிய வழுக்க விடணும். மூணு டிம்பனி, மரக்கட்டைங்கள வரிசையா அடுக்குன சைலோபோன், பெரிய ட்ரம், சிம்பல், கம்பிய வளைச்ச முக்கோணம், டாம்டாம்ங்கிற பெரிய காங்குன்னு இத்தனையும் ரெண்டே பேர் கையில. அரைகுறையா எழுதுற ஆளு இவ்ளோ பாப்பாரா?

சரி, ஏன் மாத்துனாரு? 1940ல பதிப்பாளர் தரப்புல கேட்டாங்க, ஆர்கெஸ்ட்ரா கச்சேரில வாசிக்கத் தோதா ஒரு வடிவம் வேணும்னு. அந்த வருஷம்தான் அவர் ஹங்கேரிய விட்டு நியூயார்க் வந்து சேந்தாரு, கச்சேரி வாய்ப்பு கெடைக்கிறதே பெரும்பாடு, அந்த நெலமைல செஞ்ச வேல இது. அதுலயும் பியானோ, தாளப் பகுதிகள்ல பெருசா கைவைக்கல, ஆர்கெஸ்ட்ராவத்தான் சுத்தி கட்டுனாரு. 1943 ஜனவரில ஃபிரிட்ஸ் ரெய்னர்ங்கிறவர் ஆர்கெஸ்ட்ராவ நடத்த, நியூயார்க்ல அவரும் டிட்டாவும் வாசிச்சாங்க. மேடைல அவர் பியானோ வாசிச்சது அதுதான் கடைசி, அத நெனச்சா எனக்கு இப்பவும் மனசு கனக்குது.

ஆனா எத மொதல்ல கேக்கணும்னா சொனாட்டாவத்தான் சொல்லுவேன். ஆர்கெஸ்ட்ரா வந்ததும் அந்தக் கூர்மை கொஞ்சம் மழுங்கிடுது. நல்ல ஹெட்போன் போட்டு மூணாவது பகுதியோட முடிவ மட்டுமாவது கேளுங்க, பியானோ ரெண்டும் அடங்கி ஒதுங்கிக்கும், ஸ்னேர் ட்ரம்மும் சிம்பலும்தான் சன்னமா, ரொம்ப சன்னமா தட்டிக்கிட்டே கரைஞ்சு போகும்.